ஒயரில் ஒரு சொட்டு

வியாசர்பாடி மாமா வீட்டு மீன் தொட்டி. ஹீட்டர், ஃபில்டர், ஏர் பம்ப், லைட் எல்லாமே தரையில் கிடந்த ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில்.

ஃபில்டர் ஒயர் வழியாக ஒரு சொட்டு தண்ணீர் பிளக்கை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"லோடு தாங்கும்பா" என்றார். தாங்கும்தான். மொத்தமே 200 வாட்டைத் தாண்டாது. 6 ஆம்ப் பிளக் பாயின்ட் ஆயிரம் வாட்டுக்கு மேலேயே தாங்கும். (சென்னையில் ஹீட்டரா என்று கேட்காதீர்கள், டிஸ்கஸ் மீனுக்குச் சூடு வேண்டும்.) எனக்குப் பயம் அந்தச் சொட்டுதான்.

பெட்டியைச் சுவரில் உயரமாக மாட்டினோம். ஒவ்வொரு ஒயரையும் பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினோம். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் தீனி, மருந்து எல்லாம் சொல்லித் தருகிறார்கள். ஒயரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி மாட்ட ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் வருகிறார். அதுவரை பிளக்கைப் பிடுங்காமல் தொட்டிக்குள் கை விடக் கூடாது என்று மாமாவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.