முப்பத்தோரு ஆண்டுகளுக்குப் பின் ட்ரம்பெட்: ஐந்தாம் கிரேடு தேர்வுக்கு நான் தயாரான விதம்

பள்ளி பேண்டிலும் பிறகு எங்கள் ஊர்த் தேவாலய பேண்டிலும் ட்ரம்பெட் வாசித்து வந்த நான், வேலை கிடைத்து ஊரைவிட்டுக் கிளம்பியபோது அதைப் பெட்டியில் வைத்து மூடினேன். மறுபடி திறந்தபோது எனக்கு வயது 53. அதன்பின் பதினாறு மாதங்கள் பயிற்சி செய்து, இசைத் தேர்வுகளை நடத்தும் டிரினிட்டி காலேஜ் லண்டனின் ஐந்தாம் கிரேடு (படிநிலை) தேர்வில் சென்னையில் தேறினேன். இத்தேர்வுக்கு வயது வரம்பு கிடையாது.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விரலால் அழுத்தும் மூன்று வால்வுகளும் இறுகியிருந்தன. உதட்டை வைத்து ஊதும் முனையான மவுத்பீஸ் குழாயோடு ஒட்டிப்போயிருந்தது. நான் கொண்டு போய்க் கொடுத்த கடையில் குறடு போட்டுத் திருகியதில் மவுத்பீஸ் வரவில்லை, குழாய்தான் முறுக்கிக்கொண்டது. இதற்கென்றே மவுத்பீஸ் புல்லர் என்ற சிறு கருவி இருக்கிறது. அது இல்லாத கடையில் கருவியைக் கொடுக்காதீர்கள். மவுத்பீஸ் செருகும் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப்போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தக் குழாயை மாற்ற வேண்டி வரலாம்.

வாசிக்கத் தொடங்கியதும் நான் கண்டது இதுதான்: விரல்கள் எதையும் மறக்கவில்லை, உதடுகள் எல்லாவற்றையும் மறந்திருந்தன. மூன்றாம் நாளே பழைய கீர்த்தனை ஒன்றின் மெட்டு விரலுக்கு வந்துவிட்டது. ஆனால் எட்டு நிமிடத்துக்கு மேல் உதடு தாங்கவில்லை. திரும்பி வருபவர்களுக்கு உள்ள பெரிய ஆபத்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது, ஏனெனில் புதிதாகக் கற்பவருக்கு எதையும் வாசிக்கத் தெரியாததால் அவர் மெதுவாகவே போகிறார், நமக்கோ வாசிக்கத் தெரிவதால் உதட்டின் வலிமையை மீறி வாசித்துவிடுகிறோம். மூன்றாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசை மிகுதியில் ஒரு மணி நேரம் தொடர்ந்து வாசித்தேன். மாலையில் மேலுதடு வீங்கி, மவுத்பீஸின் வட்டத் தடம் அழியாமல் நின்றது. நான்கு நாட்களுக்கு ஒரு சுரம்கூட ஒழுங்காக எழவில்லை.

அதன்பிறகு உதட்டின் கணக்கையே என் கணக்காக வைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் வாசித்தேனோ அவ்வளவு நேரம் கருவியை மடியில் வைத்து ஓய்வெடுத்தேன்; காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று தொடங்கி, நான்கு மாதங்களில் நாற்பது நிமிடத்துக்கு வந்தேன். மேற்கத்திய இசைக்குறிப்பில் இரண்டாம் கோட்டில் வரும் ஜி சுரத்திலிருந்து கீழ் சி வரை நீண்ட சுரங்கள், வால்வை மாற்றாமல் உதட்டால் மட்டும் சுரம் மாற்றும் லிப் ஸ்லர்கள், இவ்விரண்டையும் மெல்லிய ஒலியிலேயே வாசித்தேன். 1912இல் வெளிவந்த, கார்னெட் (ட்ரம்பெட் போன்ற கருவி) கலைஞர் ஹெர்பர்ட் கிளார்க்கின் பயிற்சிநூலும் முதல் பயிற்சியை மிக மெல்லிய ஒலியில்தான் வாசிக்கச் சொல்கிறது. உரத்து வாசிக்கும்போது மறைந்துவிடும் குறைகள் மென்மையில் வெளிப்பட்டுவிடும். இன்னொன்று: வலக்கைச் சுண்டுவிரலைக் கருவியின் மேலுள்ள விரல் கொக்கியிலிருந்து எடுத்துவிடுங்கள். மேல் சுரம் எட்டாதபோது அந்த விரல்தான் நம்மை அறியாமல் கருவியை உதட்டோடு அழுத்துகிறது.

இரத்த அழுத்தம், கண் அழுத்தம், குடலிறக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். மேல் சுரங்களை ஊதும்போது உடலுக்குள் அழுத்தம் நன்றாகவே ஏறும். கண்ணாடியையும் கவனியுங்கள். நான் இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்டின் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி வாங்கிய பிறகுதான் தலையை அண்ணாந்து வாசிக்கும் பழக்கம் நின்றது.

தேர்வுக்கு வருவோம். மொத்தம் 100 மதிப்பெண்: மூன்று இசைத்துண்டுகளுக்குத் தலா 22, ஸ்கேல் (ஏறி இறங்கும் சுர வரிசை) போன்ற தொழில்நுட்பப் பகுதிக்கு 14, இரண்டு துணைத் தேர்வுகளுக்குத் தலா 10. 60 எடுத்தால் தேர்ச்சி, 75க்கு மெரிட், 87க்கு டிஸ்டிங்ஷன். ஐந்தாம் கிரேடு வரை துணைத் தேர்வுகளை நாமே தேர்ந்துகொள்ளலாம்; பகுதிகளின் வரிசையையும் நாமே தீர்மானிக்கலாம். இந்தச் சலுகையைப் பலர் பயன்படுத்துவதில்லை என்பது என் வருத்தம். மேல் சுரங்கள் அதிகமுள்ள துண்டை உதடு புதிதாக இருக்கும்போதே முதலில் வாசித்தேன். இரண்டாம் துண்டுக்கும் மூன்றாம் துண்டுக்கும் நடுவில், ஊத வேண்டிய தேவையே இல்லாத செவிப்புலன் தேர்வையும் இசையறிவுக் கேள்விகளையும் வைத்தேன். தேர்வாளர் பியானோவில் வாசித்துக் கேள்வி கேட்ட அந்தச் சில நிமிடங்களில் உதட்டுக்கு இரத்தம் திரும்பி வந்தது தெளிவாகத் தெரிந்தது. மூன்றாம் துண்டின் கடைசி நீண்ட சுரம் நடுங்காமல் நின்றது.

எனக்குக் கிடைத்தது 78. இழந்ததில் கணிசமான பங்கு ஸ்கேல்களில்; அவற்றைக் கடைசி ஆறு வாரங்களுக்கு ஒத்திப்போட்டிருந்தேன். ஆறாம் கிரேடுக்கு இப்போது முதல் வாரத்திலிருந்தே நாளுக்கு இரண்டு ஸ்கேல்கள் வாசித்து வருகிறேன்.