பேக்கேஜில் குடில் இல்லை

டிசம்பர் 2

திருச்சிக்கு மாற்றலாகி வந்தபின் வரும் முதல் கிறிஸ்துமஸ். பூண்டி மாதா கோயில் பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் திருச்சி கிறிஸ்துமஸ் என்றால் தனி மவுசு. சின்ன வயதில் துணியெடுக்க அப்பா என்.எஸ்.பி. சாலைக்குக் கூட்டிவருவார். கடை கடையாக ஏறி இறங்கி முடிப்பதற்குள் இருட்டிவிடும். தெப்பக்குளத்துப் பக்கம் வந்தால் ஒருபுறம் மலைக்கோட்டை, மறுபுறம் சீரியல் விளக்கு போட்ட லூர்து அன்னை ஆலயக் கோபுரம். அண்ணாந்து பார்த்தபடியே நடந்து யார் மேலாவது இடித்துக்கொள்வேன். அந்த ஊரிலேயே குடியிருக்கப் போகிறோம் என்று நவம்பரிலிருந்தே மனசு துள்ளிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 7, ஞாயிறு

சாயந்திரம் மழை விட்ட நேரத்தில் மாலுக்குப் போனேன். நுழைந்ததும் இரண்டு மாடி உயரத்துக்குப் பிளாஸ்டிக் மரம். பஞ்சை ஒட்டிப் பனி. கீழே ரிப்பன் கட்டிய பரிசுப் பெட்டிகள், தெர்மாகோலுக்குத் தாள் சுற்றியது. ஒரே ஆங்கிலப் பாட்டு திரும்பத் திரும்ப ஓடுகிறது. மரத்துக்கு முன்னால் போட்டோ எடுக்க வரிசை. எடுத்தவர்கள் உடனே படி ஏறி மேலே போய்விடுகிறார்கள், ஒருவரும் நிற்கவில்லை.

ஏணியில் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்த பையனிடம் கேட்டேன்.

“தம்பி, குழந்தை இயேசு பிறந்த மாட்டுத்தொழுவம், அந்தக் குடில் எந்தப் பக்கம் வைக்கப்போறீங்க?”

“பேக்கேஜ்ல குடில் இல்லண்ணே. மரம், தாத்தா, ரெண்டு மான், போட்டோ பாயின்ட். அவ்வளவுதான். இருபத்தாறாம் தேதி காலைல கழட்டிரணும், பொங்கல் செட்டு வருது.”

அவனைச் சொல்லிக் குற்றமில்லை, சொன்ன வேலையைச் செய்கிறான். ஆனால் எனக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது. இது என்ன கிறிஸ்துமஸ் தெரியாத ஊரா? மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் கட்டிய கிறிஸ்து ஆலயம் 1766-லிருந்து கோட்டைப் பகுதியில் நிற்கிறது. 1826-ல் இங்கே வந்த இடத்தில் காலமான கல்கத்தா ஆயர் ஹீபரை அடக்கம் செய்தது இந்த ஊர்ப் புனித யோவான் ஆலயத்தில்தான். இத்தனை தலைமுறையாகப் பிறப்புப் பண்டிகை கொண்டாடும் ஊரில், இவ்வளவு பெரிய அலங்காரத்தில், பிறந்த குழந்தைக்கு இடமில்லை.

மரமும் தாத்தாவும் இருந்துவிட்டுப் போகட்டும், பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. ஆனால் 1223-ல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித அசிசி பிரான்சிஸ் வைக்கோலும் தீவனத்தொட்டியும் மாடும் கழுதையும் வைத்துக் குடிலாகக் காட்டியது, கடவுள் எவ்வளவு ஏழையாகப் பிறந்தார் என்று ஏழைகள் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது தள்ளுபடி விற்பனை.

டிசம்பர் 10

கடைவீதியில் மூங்கில் நட்சத்திரம் தேடினேன். “அதெல்லாம் இப்ப வர்றதில்ல சார், எல்இடி தரட்டுமா?” என்றார் கடைக்காரர். மடக்கி விரிக்கிற பிளாஸ்டிக், பொத்தானை அழுத்தினால் எட்டு விதமாக மினுக்குகிறது. வாங்காமல் வந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் நட்சத்திரம் என்பது பத்து நாள் வேலை. மூங்கிலை விரல் அகலத்துக்குப் பிளாச்சாகப் பிளந்து, கை கிழிக்காமல் இருக்கச் சிலாம்பு சீவ வேண்டும். ஐந்து பிளாச்சில் ஒரு நட்சத்திரம், அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து ஐந்து முனையிலும் சணல் போட்டு இறுக்க வேண்டும். அப்புறம் நடுவில் ஐந்து சிறு குச்சிகளைச் செருகினால் வயிறு உப்பிக்கொண்டு நிற்கும். அதன் மேல் மைதாப் பசையில் கலர் தாள். பல்பு மாட்டப் பின்புறம் ஒரு ஓட்டை. டெல்டாவில் டிசம்பர் என்றால் மழைதான், அதனால் மேலே பாலிதீன் பை. அப்படியும் சாயம் இறங்கிவிடும். வெள்ளையடித்த சுவரில் சிவப்பாக ஒழுகிய கோடு பொங்கலுக்கு அடுத்த வெள்ளை அடிக்கும்வரை அப்படியே இருக்கும்.

டிசம்பர் 12

ஊரிலிருந்து பஸ்ஸில் வந்த ஆளிடம் அம்மா கொடுத்தனுப்பிய விதைநெல் வந்து சேர்ந்தது. சி.ஆர். 1009 ரகம். ஊறப்போட்டாயிற்று. நாளைக்கு ஈரத்துணியில் மூட்டம், முளை விட்டதும் தட்டில் மண் பரப்பித் தெளிக்க வேண்டும். இருபத்துநாலாம் தேதிக்குள் நாலு விரல் உயரம் வந்துவிடும். குடிலைச் சுற்றி அதுதான் வயல்.

“நம்ம வயல் தொண்டைக்கதிர்ல நிக்குதுப்பா, கதிர் வெளிய வர்ற நேரம். இந்த மழை ரெண்டு நாள் விட்டாத் தேவல” என்றார் அம்மா.

டிசம்பர் 14, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மூன்று ஊதா மெழுகுதிரிகளுக்கு நடுவே உள்ள ஒரே ரோஜா நிற மெழுகுதிரியை இன்றைக்கு ஏற்றினார்கள். இந்த நான்கு ஞாயிறும் திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடல் கிடையாது. பாடகர் குழு, ஆர்மோனியம் எல்லாம் இருந்தும் வேண்டுமென்றே பாடாமல் வைத்திருப்பார்கள். அந்த ஒன்று இல்லாததே பண்டிகை நெருங்குகிறது என்று உள்ளே சொல்லிக்கொண்டிருக்கும். கோயிலை விட்டு வெளியே வந்து சாலையைத் தாண்டினால், பேக்கரி ஒலிபெருக்கியில் கிறிஸ்துமஸ் பிறந்தே இரண்டு வாரம் ஆகிவிட்டது.

டிசம்பர் 18

கேரல் ரவுண்டு, வீடு வீடாகப் போய் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவது. எங்கள் அன்பியத்துப் (பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) பிள்ளைகளோடு நானும் போனேன். என் குடியிருப்பு வாசலிலேயே நிறுத்தினார்கள். பதிவேட்டில் பெயர், போன் நம்பர், எத்தனை பேர், எந்த வீடு. பாவம், காவலாளி அண்ணன் சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார்: “மேல டிரம் அடிக்கக் கூடாதாம் தம்பி. கீழ நின்னு ஒரு பாட்டுப் பாடிட்டுப் போயிருங்க. எட்டரைக்குள்ள முடிச்சிரணும்னு சொல்லியிருக்காங்க.”

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நின்று பாடினோம். தூணுக்குத் தூண் எதிரொலித்தது. நாலாவது மாடியில் ஒரு பால்கனிக் கதவு திறந்து, உடனே மூடியது. முகமூடிக்குள் வியர்த்துக்கொண்டிருந்த தாத்தா வேடக்காரப் பையன் மிட்டாய்ப் பையை யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கடைசியில் காவலாளி அண்ணனுக்கே ஒரு கை அள்ளிக் கொடுத்தான்.

எல்லாருக்கும் காலையில் ஆபீஸ், பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு, எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஊரில் இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் எழுந்து விளக்கைப் போடுவார்கள். சுக்குக் காபி அடுப்பில் கொதிக்கும். வாய்க்கால் கரை வழுக்கலில் டிரம்மைத் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவோம். பாடத் தெரியாதவனும் ஜால்ரா தட்டுவான்.

டிசம்பர் 20

நண்பர் ஒருவர் பொன்மலைக்குக் கூட்டிப் போனார். 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்த ரயில்வே பணிமனை, அதைச் சுற்றிய காலனி. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தபோது டிசம்பரில் தெருவே கேக் வாசனையாக இருக்குமாம். பலர் வெளிநாடு போய்விட்டார்கள்.

திரும்பும்போது குறுக்குச் சந்து ஒன்றில் நுழைந்தோம். லைன் வீடுகள். ஒரு வீட்டு வாசலில் சவுக்குக் கிளையை மண் நிரப்பிய பெயின்ட் டப்பாவில் நட்டு, பழைய திருமணப் பத்திரிகைகளை வெட்டி மணி செய்து தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் இரண்டு பெண்பிள்ளைகள் பழுப்புத் தாளைக் கசக்கிக் கசக்கிப் பிரித்து மலை செய்துகொண்டிருந்தார்கள். ஒட்டகத்துக்கு ஒரு கால் இல்லை. “செங்கல்ல சாய்ச்சு வச்சாத் தெரியாது” என்றாள் சின்னவள். இந்த மாதம் முழுக்க நான் தேடியது அந்தச் சந்தில் இருந்தது. அங்கே வெகுநேரம் நின்றேன்.

டிசம்பர் 25

லீவு கிடைக்கவில்லை, அதனால் நள்ளிரவுத் திருப்பலி லூர்து அன்னை ஆலயத்தில். குருவானவர் ‘உன்னதங்களிலே’ என்று எடுத்ததும் மணி அடிக்க, குடில் திரை விலக, வெற்றுத் தொழுவத்தில் குழந்தையை வைத்தார்கள். பக்கத்தில் நின்ற பாட்டி செருப்பில்லாத காலில் எம்பி எம்பிப் பார்த்தார்.

காலையில் அதிரசமும் முறுக்கும் தட்டில் வைத்து எங்கள் மாடி வீடுகளுக்குக் கொடுத்தேன். முதல்முறையாக எல்லாரிடமும் பேசினேன். வீட்டுக் குடிலைப் பார்க்க எதிர்வீட்டு மாமி வந்து, நெல்லைத் தொட்டுப் பார்த்து, “எங்க ஊர் திருவையாறு. இந்தப் பச்சையப் பார்த்து எத்தனை வருஷமாச்சு!” என்றார். அவர் பேரன் மாட்டுக்குப் பக்கத்தில் தன் பொம்மை டிராக்டரைக் கொண்டுவந்து வைத்தான். எடுக்கவில்லை, இருக்கட்டும்.

டிசம்பர் 26

நாகை, வேளாங்கண்ணிக் கரையில் இன்று 2004 சுனாமி அஞ்சலி. பண்டிகைக்கு வந்து ஊர் திரும்பாதவர்களுக்காகவும் ஜெபித்தேன்.

ஆபீஸ் போகும் வழியெல்லாம் நட்சத்திரங்கள் இறங்கிவிட்டன. கரும்பும் பானையும் போட்ட பேனர்கள் ஏறிவிட்டன. கோயில் கணக்கில் கிறிஸ்துமஸ் காலம் நேற்றுத்தான் தொடங்கியிருக்கிறது. குழந்தையைப் பார்க்க வரும் மூவரசர் இன்னும் வந்து சேரவே இல்லை. எங்கள் வீட்டில் அவர்களை அலமாரியின் அந்தக் கோடியில் வைத்து, தினமும் ஒரு சாண் நகர்த்திக்கொண்டு வருகிறோம்.

குடியிருப்புச் சங்கச் செயலாளரைப் பார்த்தேன். அடுத்த வருஷம் கீழ்த்தளத்தில் நாலடிக்கு நாலடி இடம் வேண்டும், பிள்ளைகளை வைத்துக் குடில் கட்டுகிறோம் என்றேன். “கரன்ட் செலவு?” என்றார். ஒரே ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு என்றேன். ஜனவரிக் கூட்டத்தில் பேசலாம் என்றார். மூங்கிலுக்கு ஊரில் சொல்லி வைத்துவிட்டேன்.