மகாகாலன் பெயரில் ஒரு பார்க்கிங்

டோக்கியோவில் நான் போட்ட முதல் இண்டிகேட்டர் வைப்பராகிப் போனது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத சனிக்கிழமை இரவு. கண்ணாடியை வறட்டு வறட்டென்று தேய்த்துக்கொண்டே சிக்னலில் திரும்பினேன். ஸ்டியரிங் நம் ஊர் போலவே வலப்பக்கம், சாலையில் இடப்பக்கம் போக வேண்டும், அதனால் பிரச்சினை இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். இண்டிகேட்டர் லீவர் மட்டும் ஊரில் நான் ஓட்டும் காரில் இடக்கைப் பக்கம், இங்கே வலக்கைப் பக்கம். முன்னால் போன வழிகாட்டியின் குரல் வாக்கி-டாக்கியில் வந்தது.

"மூன்றாவது வண்டி, அங்கே மழையா?"

அந்த இரவு முழுக்க எனக்குப் பெயர் 'மழை' என்றாகிவிட்டது.

ஆபீஸ் வேலையாக இரண்டு வாரம் டோக்கியோ. நடுவில் ஒரு வாரக் கடைசி சும்மா கிடைத்தது. கோவில், மலை, செர்ரிப் பூ எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கார் பைத்தியங்கள் கூடும் டைக்கோக்கு பார்க்கிங்குக்கு இரவில் கார் ஓட்டிப் போகிறேன் என்றதும் உடன் வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் கோயம்புத்தூர்க்காரன். ஒர்க்‌ஷாப் வாசலில் வளர்ந்தவனுக்கு ஜப்பான் என்றால் முதலில் ஞாபகம் வருவது நிசானின் ஸ்கைலைன் ஜிடி-ஆர் கார்தான். என்ன செய்ய?

இந்த மாதிரி இரவுப் பயணங்கள் இரண்டு வகை. ஒன்று, ஒருவர் தன் ஜிடி-ஆரில் உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிப்போவது. முதலில் நான் பேசியது அப்படி ஒருவரிடம்தான். அனுப்பிய படத்தில் வண்டிக்கு வெள்ளை நம்பர் பிளேட் இருந்தது. ஜப்பானில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றும் வண்டிக்குப் பச்சை பிளேட் வேண்டும். கேட்டேன், பதிலே இல்லை. விட்டுவிட்டேன். இரண்டாவது வகை, வாடகைக்கு எடுத்த வண்டியை நாமே ஓட்ட, வழிகாட்டி முன்னால் போவது. இதற்கு சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் போதும். 1949 ஜெனீவா உடன்படிக்கையில் இந்தியாவும் இருப்பதால் நம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுக்கும் புத்தகம் அங்கே செல்லும்.

ஜிடி-ஆர் வாடகையைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தை அப்படியே மூடினேன். கிடைத்தது டொயோட்டா 86, ஆறு கியர், மேனுவல். பந்தியில் உட்காருகிற உயரத்தில் சீட். ஜப்பானில் வாடகைக் கார்களின் நம்பர் பிளேட்டில் பெரும்பாலும் 'வா' என்ற ஜப்பானிய எழுத்து இருக்கும். வாடகைக்கு 'வா'. இதைவிட நமக்கு எளிதாக ஞாபகம் வைத்துக்கொள்ள என்ன வேண்டும்? வழிகாட்டியிடம் இதை விளக்க முயன்று தோற்றேன்.

நான்கு வண்டிகள். கிளம்பும் முன் வழிகாட்டி, ஐம்பதை நெருங்கும் மனிதர், பகலில் டிங்கரிங் பட்டறை நடத்துபவர், மூன்றே விதிகள் சொன்னார். வேக வரம்பைத் தாண்டாதே. நிற்கும் வண்டிகளைத் தொடாதே. யாரிடமும் "ஆக்ஸிலேட்டரை முறுக்கிக் காட்டு" என்று கேட்காதே. மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் கடுத்தது.

ஷிபாகோயென் வழியாக நகர விரைவுச்சாலையில் ஏறினோம். டோக்கியோ டவர் ஆரஞ்சு நிறத்தில் தலைக்கு மேலேயே நின்றது. இந்தச் சாலைக்கு 'ஷுத்தோ' என்று பெயர். 1964 ஒலிம்பிக்ஸுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் கட்டத் தொடங்கி, 1962 டிசம்பரில் முதல் 4.5 கிலோமீட்டரைத் திறந்தார்கள். நிலம் வாங்க நேரமில்லை. அதனால் ஆறு, கால்வாய், அகழி எங்கெல்லாம் இருந்ததோ அதற்கு மேலேயே தூண் நட்டுச் சாலை போட்டுவிட்டார்கள். சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிப் பறக்கும் ரயில் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த யோசனை புதிதாக இருக்காது.

நடு வட்டமான சி1, சுற்றிவர சுமார் 15 கிலோமீட்டர். பெரும்பகுதிக்கு வேக வரம்பு 50. ஐம்பதா என்று சிரித்தேன். முதல் இரண்டு வளைவுகளிலேயே சிரிப்பு அடங்கியது. லேன் ஒடுக்கம், ஓரத்துக்கு இடமே இல்லை. சில இடங்களில் புதிய வண்டிகள் வலப்பக்கத்திலிருந்து, அதாவது வேக லேனுக்குள்ளேயே, வந்து ஏறுகின்றன. சியோடா சுரங்கத்துக்குள்ளேயே சாலை பிரிகிறது. வழிகாட்டி ஒவ்வொரு பிரிவுக்கும் முன்னால் "இடது, இடது, இடதிலேயே இரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் இல்லாவிட்டால் நான் அன்றைக்கு வடக்கே எங்கேயோ போய்ச் சேர்ந்திருப்பேன்.

நிஹோன்பாஷி வந்தபோது "இப்போது கீழே ஒரு பாலம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியாது" என்றார். 1911ல் கட்டிய கல் பாலம். ஜப்பானியச் சாலைகளின் தூரத்தை அளக்கத் தொடங்கும் புள்ளி அதுதான். அதன் தலையில்தான் எங்கள் சக்கரங்கள் உருண்டுகொண்டிருந்தன. அந்தத் தவறு உறுத்தியதாலோ என்னவோ, இப்போது அந்தப் பகுதிச் சாலையை நிலத்தடிக்குக் கொண்டுபோகும் வேலை நடக்கிறது. 2040 வாக்கில் மேலே உள்ளதை அகற்றிவிடத் திட்டம். கின்சாவில் கதை தலைகீழ். அங்கே கால்வாயின் தண்ணீரை வற்றவைத்து அதன் படுகையிலேயே சாலை. மேலே குறுக்கே போகும் பாலங்களின் தூண்கள் நடுச் சாலையில் அப்படியே நிற்கின்றன. ஆற்றில் ஓடம் போவதுபோல் தூணுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போக வேண்டும். அன்றைய இரவில் நான் ரசித்து ஓட்டிய இடம் எது என்று கேட்டால், பெயர்பெற்ற ரெயின்போ பாலத்தைச் சொல்ல மாட்டேன், இந்தக் கின்சாப் பள்ளத்தைத்தான் சொல்வேன்.

டோல் கணக்கு இன்னும் வேடிக்கை. ஏறிய இடத்துக்கும் இறங்கும் இடத்துக்கும் நடுவே உள்ள மிகக் குறுகிய தூரத்துக்குத்தான் காசு. ஏறிய இடத்துக்குப் பக்கத்திலேயே இறங்கினால், நடுவில் எத்தனை சுற்று சுற்றினாலும் 300 யென்தான். இந்த வட்டத்தில் பந்தயம் விட்டவர்களுக்கு 'ரூலெட்' கூட்டம் என்று பெயரே உண்டு. சூதாட்டச் சக்கரத்தில் உருண்டை சுற்றுவதுபோல் சுற்றுவதால். அந்தக் காலத்தை வழிகாட்டி வாயாரப் புகழ்வார் என்று எதிர்பார்த்தேன். "அதில் இரண்டு பேர் என் வகுப்பு. ஒருவன் இப்போது இல்லை" என்று மட்டும் சொன்னார். அப்புறம் ரெயின்போ பாலம் ஏறி முடிக்கும் வரை வாக்கி-டாக்கி பேசவில்லை.

பாலம் தாண்டினால் வாங்கன் எனப்படும் கடற்கரை விரைவுச்சாலை. திடீரென்று எல்லாம் அகலமாகிவிடுகிறது. கடலுக்கடியில் சுரங்கம், ஹனேதா விமான நிலையம், மறுபடி சுரங்கம், கவாசாகி தொழிற்சாலைகளின் புகைபோக்கி விளக்குகள், பிறகு ட்சுருமி ட்சுபாசா பாலம். வரம்பு 80. ஆறாவது கியரில் எண்பதில் போனால் 86 தூங்கி வழிகிறது. வலப்பக்கம் ஒரு வெள்ளை ஆர்34 ஜிடி-ஆர் எங்களைத் தாண்டியது. எண்பத்தைந்து இருக்கலாம், அவ்வளவுதான். 2.6 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ. 1989 முதல் 2004 வரை ஜப்பானியக் கம்பெனிகள் 280 குதிரைத்திறனுக்கு மேல் விளம்பரப்படுத்துவதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தன. அதனால் இதன் காகிதத்திலும் 280தான். உள்ளே எவ்வளவு என்பது ஊரறிந்த ரகசியம். அப்படிப்பட்ட வண்டி, மாட்டு வண்டிக்கு வழிவிடுகிற நிதானத்தில் இண்டிகேட்டர் போட்டு இடப்பக்க லேனுக்கு ஒதுங்கியது. சரியான லீவரைத்தான் தட்டியிருக்கிறார் என்பதையும் கவனித்தேன்.

டைக்கோக்கு பார்க்கிங் ஏரியா யோகோஹாமா துறைமுகத்தில், கடலைத் தூர்த்த தீவில் இருக்கிறது. மேலே விரைவுச்சாலைகள் மூன்று திசைக்கும் சுருண்டு சுருண்டு போக, நடுவே மலைப்பாம்பின் வயிற்றுக்குள் அகப்பட்டதுபோல் ஒரு வண்டி நிறுத்தம். விரைவுச்சாலையிலிருந்து மட்டும்தான் உள்ளே வரலாம், நடந்து வர வழியில்லை. டாக்ஸியில் வந்து, அதை அனுப்பிவிட்டு, திரும்பிப் போக வழியில்லாமல் முழிக்கும் வெளிநாட்டுக்காரர்களை வாராவாரம் பார்ப்பதாக வழிகாட்டி சொன்னார்.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டைக்கோக்கு என்றால் 'பெரும் கருப்பு'. ஜப்பானியரின் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் ஒருவருக்கும் அதே பெயர். யார் என்று பார்த்தால் நம் மகாகாலன்! பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய், உக்கிரமெல்லாம் கரைந்து, கையில் சுத்தியலும் தோளில் மூட்டையுமாக அரிசிப் பொதி மேல் சிரித்துக்கொண்டு நிற்கிறார். சுடுகாட்டு சாமி ஊர் மாறியதும் மளிகைக்கடை முதலாளி ஆகிவிட்டார்.

உள்ளே ஒழுங்கான வரிசைகள். வரிசைக்கு வரிசை வேறு உலகம். பின்சக்கரங்கள் கால் அகட்டி நிற்பதுபோல் சாய்ந்த பெரிய செடான்கள். கார்ட்டூன் பெண்ணை பக்கவாட்டு முழுக்க ஒட்டிய வண்டி. மஸ்டா ஆர்எக்ஸ்-7, பிஸ்டனே இல்லாத ரோட்டரி இன்ஜின் 'பிரப்... பிரப்' என்று விட்டுவிட்டுப் பேசியது. 1980களின் பழைய கொரோலா ஏஇ86, நான் ஓட்டி வந்த 86 பெயரை வாங்கியது அதனிடம்தான். அதன் சொந்தக்காரர் ஒரு விஷயம் சொன்னார். 1986 வரை ஜப்பானியக் கார்களில் நூறைத் தாண்டினால் 'கிண் கொண்' என்று மணி அடிக்க வேண்டும் என்று சட்டமே இருந்ததாம். அந்த மணியை அவர் இன்னும் கழற்றவில்லை. நம் ஊரில் 2019லிருந்து எண்பதில் கத்தும் பீப் சத்தத்தை எப்படி நிறுத்துவது என்று மெக்கானிக்கிடம் கேட்டவன் நான். அதை அவரிடம் சொல்லவில்லை.

இங்கே பழைய வண்டி வைத்திருப்பது பிடிவாதக்காரர்களின் வேலை. புது வண்டிக்கு மூன்றாம் ஆண்டில், அதன்பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை, 'ஷாக்கென்' என்ற பரிசோதனை. நம் எஃப்.சி. மாதிரி, ஆனால் நிஜமாகவே சோதிப்பார்கள். பெட்ரோல் வண்டிக்கு 13 ஆண்டு தாண்டினால் சாலை வரியும் கூடுகிறது. அத்தனையையும் கட்டிவிட்டு, சனிக்கிழமை இரவு இங்கே வந்து பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, மிஷினில் வாங்கிய சூடான சோள சூப் டின்னோடு பக்கத்தில் நிற்கிறார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. பேச்சுக்கூட மெல்லத்தான்.

சத்தம் போட்டது எங்களைப் போல் வந்தவர்கள். ஒரு கூட்டம் ஜிடி-ஆரைச் சூழ்ந்துகொண்டு, கேமராவைத் தூக்கிப் பிடித்து, கையால் முறுக்கிக் காட்டி, "ரெவ், ரெவ்" என்று கூவியது. சொந்தக்காரர் தலையைக் குனிந்து சிரித்தபடி பானெட்டை மூடினார். வழிகாட்டியின் மூன்றாம் விதி எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. சத்தமும் கூட்டமும் மிஞ்சினால் போலீஸ் வந்து இடத்தையே மூடிவிடும். வாரக் கடைசியில் இது அடிக்கடி நடப்பது. பார்க்க வருகிற நாங்கள்தான் பார்க்க இல்லாமல் ஆக்குகிறோம். காசு கொடுத்து வந்தவன் இதைச் சொல்வது நியாயமா என்றால், இல்லைதான்.

கழிப்பறைக்குப் போகும் வழியில்தான் அது கேட்டது. கடைசி வரிசையிலிருந்து ஒரு சின்ன இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும் சத்தம். டர்புர் டர்புர் என்று, கொஞ்சம் நொண்டியபடி, மூன்று சிலிண்டர். எனக்கு இந்தச் சத்தம் தெரியும். காலை ஆறு மணிக்கு, வீட்டு வாசலில், அப்பா துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கேட்கும் சத்தம்.

போய்ப் பார்த்தால் சிவப்பில் ஒரு பொம்மை. இடுப்புயரம்தான் இருக்கும். கதவுகள் பறவை இறக்கை மாதிரி மேலே திறந்து நின்றன. ஆட்டோசாம் ஏஇசட்-1, 1992ல் வந்தது. மஸ்டாவின் வண்டி, ஆனால் சீட்டுக்குப் பின்னால் படுத்திருந்தது சுசுகியின் எஃப்6ஏ இன்ஜின், 657 சிசி, டர்போ. அப்பாவின் மாருதி 800ல் இருந்தது எஃப்8பி, 796 சிசி. இரண்டும் சுசுகியின் ஒரே எஃப் குடும்பம். நம் 800ம் ஜப்பானின் 'கேய்' என்ற குட்டிக் கார் இனத்திலிருந்து வந்ததுதான். 1983ல் நம் ஊருக்கு வரும்போது பெரிய இன்ஜின் வைத்து அனுப்பினார்கள்.

சொந்தக்காரர் ஒரு பெரியவர். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. போனில் 800ன் பழைய படத்தைத் தேடிக் காட்டினேன். அப்பா பானெட் மேல் கை வைத்து நிற்கும் படம், மாலை போட்ட ஆயுத பூஜை வண்டி. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "சுசுகி!" என்றார். "மாருதி" என்றேன். "மாருதி" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, என்னைப் பின்பக்கம் அழைத்துப்போய் மூடியைத் தூக்கிக் காட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் குனிந்தேன். ஜிடி-ஆர் பார்க்க வந்தவன், அங்கேயே முக்கால் மணி நேரம் நின்றுவிட்டேன்.

ஒன்பதரை இருக்கும், ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. மூடப் போகிறார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. பானெட்டுகள் ஒவ்வொன்றாக மூடும் சத்தம், பிறகு வரிசை வரிசையாக நகர்ந்தன. பெரியவர் இறக்கைகளை இழுத்து மூடிக்கொண்டு கிளம்புவதற்குள், ஒரு நிமிடம் பொறுங்கள் என்று சைகை காட்டி, அந்த ஐடிலிங்கை போனில் பதிந்து அப்பாவுக்கு அனுப்பினேன். எதுவும் எழுதவில்லை. கோவையில் அப்போது மாலை ஆறு மணி.

திரும்பும் வழியில் எரிபொருள் நிரப்ப நின்றபோது பதில் வந்திருந்தது. எட்டு விநாடி குரல் செய்தி.

"யாரு வண்டி கண்ணு? நம்ம எயிட் ஹன்ட்ரட் மாதிரியே இருக்குது. டேப்பெட் கொஞ்சம் அடிக்குது பாரு, செட் பண்ணச் சொல்லு."