பம்ப் செலவு யார் கணக்குல?

மூடின சுரங்கத்த சுற்றுலா இடமா மாத்துனா கட்டுப்படியாகுமானு நாங்க போட்ட ரிப்போர்ட்ல, உள்ள ஊறுற தண்ணிய பம்ப் வெச்சு எறைக்கிற செலவ எங்க வெச்சோம்ங்கிறதுதான் இன்னும் மனச விட மாட்டேங்குது. சுரங்கத்த மூடுற செலவுல வெச்சோம். அங்க வெச்சா திட்டம் லாபம், டிக்கெட் வரவுல கழிச்சா நஷ்டம்.

மேனேஜர் சொன்ன காரணம் தப்புன்னு இன்னைக்கும் என்னால சொல்ல முடியல. "ஆள் வந்தாலும் வரலைனாலும் தண்ணி ஊறத்தான் போகுது, அத எதுக்கு டிக்கெட் மேல ஏத்துற"னாரு. ஜெர்மனியோட ரூர் பகுதியில 2018ல கடைசி நிலக்கரி சுரங்கத்தையும் மூடிட்டாங்க, ஆனா தோண்டித் தோண்டி நிலம் இறங்கிப்போனதால எறைக்கிறத நிறுத்தவே முடியாது, அதுக்குன்னே 2007ல ஒரு அறக்கட்டளை தொடங்கி பணம் சேர்த்து வெச்சிருக்காங்க. அதே பகுதியில எசன் ஊர்ல, இப்ப சுற்றுலா இடமா இருக்கிற ட்சோல்ஃபெரைன் சுரங்கத்தப் பாக்க வர்றவங்க காசுல அந்த செலவ யாரும் எதிர்பார்க்கல.

ஆனா மீட்டிங்ல அதுவரைக்கும் வாயே திறக்காம இருந்த பழைய ஷிப்ட் ஃபோர்மேன் ஒருத்தர் கேட்டாரு, "தம்பி, எந்த மட்டம் வரைக்கும் எறைக்கப் போறீங்க?" பார்வையாளருங்க இறங்கி நடக்கிற கேலரிக்கு, அதாவது உள்ள இருக்கிற சுரங்கப் பாதைக்குக் கீழ வரைக்கும்னேன். "ஊரக் காப்பாத்த அவ்வளவு ஆழம் வேணாமே"னாரு. அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டோம்.

அவர் சொன்னதுலதான் மொத்த விஷயமும் இருக்கு. மேல வழியாம, குடிதண்ணியில கலக்காம ஒரு மட்டத்துல நிறுத்துறது மூடுறவங்க பொறுப்பு, சரி. அதுக்கும் கீழ எறைக்கிற ஒவ்வொரு மீட்டரும், காத்தோட்டமும், ஆள இறக்குற கூண்டும், மீட்புக் குழுவும் பார்வையாளருக்காகத்தானே, அத எப்படி மூடுற செலவுன்னு சொல்றது? பிரிச்சுக் காட்ட அன்னைக்கு எங்ககிட்ட அளவு இல்லங்கிறதும் உண்மைதான். அளவு வேணும்னு யாரும் கேக்கலங்கிறதும் உண்மை.

இந்த மாதிரி மீட்டிங்ல எல்லாரும் காட்டுறது போலந்தோட வியலிச்கா உப்புச் சுரங்கம். 1996ல உப்பு எடுக்கிறத நிறுத்திட்டாங்க, வருஷத்துக்கு 10 லட்சத்துக்கு மேல ஜனம் வருது. ஆனா 245 கிலோமீட்டருக்கு மேல நீளுற சுரங்கத்துல பார்வையாளர் நடக்கிறது சுமார் மூணரை கிலோமீட்டர், மிச்சத்தக் காப்பாத்த அரசாங்கமும் பணம் போடுது. வேல்ஸ்ல பிக் பிட்ங்கிற நிலக்கரி சுரங்கம் 1980ல மூடி 1983ல மியூசியமா ஜனங்களுக்குத் திறந்தது, சுமார் 90 மீட்டர் கீழ கூட்டிட்டுப் போய் காட்டுனவங்க முன்னாடி சுரங்கத்துல வேலை பார்த்த தொழிலாளிங்களே. மியூசியத்துக்கு 2001ல இருந்து நுழைவு இலவசம், அரசுப் பணம் பின்னாடி நிக்கிறதாலதான் முடியுது. அந்த ஆளுங்களுக்கு வேலை கிடைச்சதும் ஊரோட நினைவு அழியாம நின்னதும் லாப நஷ்டக் கட்டத்துல எங்க வரும்? நஷ்டம்னு எழுதியிருந்தா எங்க திட்டம் அன்னைக்கே செத்திருக்கும், அதனால வந்திருக்கக்கூடிய வேலையும் போயிருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். பாதி நேரம் நம்பவும் செய்றேன்.

அப்புறம் ஒரு தடவை அந்தப் பெரியவர்கிட்ட, திறக்கிறது உங்களுக்குப் பிடிக்கலையா ஐயான்னு கேட்டேன். "தொறக்க வேணாம்னு நான் சொல்லவே இல்லியே தம்பி. யார் காசுல தொறக்கிறோம்னு சொல்லிட்டுத் தொறங்கனுதான் சொன்னேன்."

இப்பல்லாம் பம்ப் செலவ மட்டம் வாரியா ரெண்டா பிரிச்சு ரெண்டு வரியா போடுறேன். ரெண்டாவது வரிய பின்னிணைப்புல வெச்சா போதாதான்னு கேக்குறாங்க. சில நேரம் முடியாதுங்கிறேன், சில நேரம் ஒத்துக்கிறேன்.