பழைய சுங்கான்களின் விலை
இங்கிலாந்தில் செய்யப்பட்ட பழைய டன்ஹில் சுங்கான்களை (புகையிலை பிடிக்கும் குழாய்களை) இணைய ஏலங்களில் சில ஆண்டுகளாக ஆசையோடு கவனித்து வருகிறேன். தண்டில் நாட்டின் பெயரை அடுத்துப் பொறித்திருக்கும், கீழே கோடிட்ட சிறிய எண் தேய்ந்துபோகாமல் இருந்தால் விலை சட்டென்று ஏறிவிடுகிறது. ஏனெனில், அந்த எண்ணைக் கொண்டுதான் அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று கணிக்கிறார்கள். 1812-இல் தொடங்கிய பார்லிங் என்ற மற்றோர் இங்கிலாந்து நிறுவனத்தின் சுங்கான்களிலும், பார்லிங் குடும்பத்தாரின் பொறுப்பில் உருவானவற்றுக்கே, அதாவது 1960களின் தொடக்கம் வரை வந்தவற்றுக்கே, மதிப்பு அதிகம்.

முன்பு என் கைக்கு எட்டிய விலையில் கிடைத்தவை இப்போது எட்டுவதில்லை. சென்ற மாதம் மலிவாக வந்த ஒன்றை வாங்கினேன். பச்சை பூத்திருந்த ரப்பர் வாய்க்குழலைக் கறுப்பாக்கும் ஆர்வத்தில், விற்றவர் தண்டையும் சேர்த்து இயந்திரத்தில் தேய்த்திருக்கிறார். வாய்க்குழலில் டன்ஹிலின் அடையாளமான வெள்ளைப் புள்ளி மட்டும் பளிச்சென்று இருக்க, முத்திரை முழுவதும் மழுங்கிப் போயிருந்தது. மனம் மிகவும் வருந்தியது. பழையதை விற்பவர்கள் தயவுசெய்து தண்டைத் தேய்க்காதீர்கள்.