ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்

நான் கொள்முதல் பிரிவில் சேர்ந்த காலத்தில் சீர்திருத்தம் என்றால் எங்களுக்கு மின்-டெண்டர்தான். சீல் வைத்த உறைகளும் பூட்டிய பெட்டியும் போய் இணையதளம் வந்தது. மனதார மகிழ்ந்தோம். ஆனால் தண்ணீர் பம்புகளை விற்க முன்பு விலைப்புள்ளி கொடுத்த அதே இரண்டு பேர்தான் பிறகும் கொடுத்தார்கள். சில முறை ஒருவர் மட்டும்.

காரணம் கோப்பிலேயே இருந்தது. தொழில்நுட்ப விவரக்குறிப்பை ஆண்டுதோறும் பழைய கோப்பிலிருந்து அப்படியே எடுத்து எழுதிவந்தோம். அது முதன்முதலில் ஏதோ ஒரு தயாரிப்பாளரின் கையேட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். மோட்டார் அடித்தட்டின் துளைகளுக்கு இடையிலான தூரம் வரை அதில் எழுதியிருந்தது. அந்த அளவு பொருந்தாத நல்ல பம்பு எதுவும் உள்ளே வர வழியில்லை. யாரும் வேண்டுமென்றே செய்ததாக நான் நினைக்கவில்லை. வேண்டுமென்றே செய்திருந்தாலும் விளைவு இதுவாகத்தான் இருந்திருக்கும்.

அதன்பிறகுதான் ஒரு குழு அமைந்தது. பம்பை இயக்கும் பொறியாளர், கிடங்குப் பொறுப்பாளர், நிதிப் பிரிவு, தணிக்கை, நாங்கள். தணிக்கை அதிகாரி முதல் நாளே தயங்கினார். "முடிவெடுக்கும்போது நானும் கூட உட்கார்ந்திருந்தால், நாளைக்கு எப்படிக் கேள்வி கேட்பது?" நியாயமான கேள்வி. விதிகளைப் பற்றி மட்டும் எழுத்தில் கருத்துச் சொல்வார், எந்த முடிவிலும் கையெழுத்திட மாட்டார் என்று வகுத்துக்கொண்டோம். கூடி வேலை செய்வதும் பொறுப்பைக் கரைத்துவிடுவதும் வேறு வேறு என்பது எனக்கு அன்றுதான் தெளிவானது. விவரக்குறிப்புக்கு யார் பொறுப்பு, மதிப்பீட்டுக்கு யார் பொறுப்பு என்று பதவிவாரியாக எழுதினோம். வழங்குநர்களோடு உறவோ பங்கோ இருந்தால் அறிவித்துவிட்டு விலகவேண்டும் என்பதையும் சேர்த்தோம்.

அதுவரை யாரும் கருத்துக் கேட்காத கிடங்குப் பொறுப்பாளர்தான் அதிகம் சொல்லித்தந்தார். பம்பு கெடுவது அபூர்வம், கெடுவது தண்ணீர் கசியாமல் தடுக்கும் அதன் சீல். உதிரிபாகம் வந்துசேர மாதக்கணக்கில் ஆகிறது என்றார். நாங்களோ வாங்கும் விலையை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஐ.நா.வின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையமான அன்சிட்ரால் 2011-இல் வெளியிட்ட கொள்முதல் மாதிரிச் சட்டம், இயக்கம், பராமரிப்பு, பழுது ஆகியவற்றின் செலவையும் மதிப்பீட்டில் சேர்க்க இடம் தருகிறது. ஆனால் அளவுகோல்களை அழைப்பு ஆவணத்திலேயே சொல்லிவிட வேண்டும். அதைப் பின்பற்றி எங்கள் ஆவணத்தைத் திருத்தினோம்.

வழங்குநர்களோடு பேசத்தான் மிகவும் பயந்தோம். தனியாகப் பேசினால்தான் சந்தேகம், எல்லோரையும் ஒன்றாக அழைத்துப் பேசி, கேள்வி பதில் இரண்டையும் இணையத்தில் போட்டுவிடலாம் என்று துணிந்தோம். வந்தவர்கள் துளைகளின் அளவைப் பற்றிக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் பேசியது பில் பணத்தைப் பற்றி. பொருளைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று தெரியாததால், அந்தக் காலத்துக்கான வட்டியையும் விலையில் ஏற்றுகிறோம் என்றார் ஒருவர். சிறிய நிறுவனங்கள் அந்தக் காரணத்துக்காகவே ஒதுங்கியிருந்தன. நிதிப் பிரிவு அதிகாரி அதே அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டார். ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதியும் நடக்காதது அதற்குப் பிறகு நடந்தது: பில் பெற்ற தேதியும் பணம் கொடுத்த தேதியும் வெளியே தெரிய வைக்கப்பட்டன.

உக்ரைனின் அரசுக் கொள்முதல் இணையதளமான ப்ரோசோரோவைப் பற்றி அப்போது நிறையப் படித்தோம். 2014 போராட்டத்துக்குப் பின் தன்னார்வலர்களும் வணிகர்களும் அதிகாரிகளும் சேர்ந்து உருவாக்கியது; 2015-இல் சோதனை ஓட்டம், 2016-இல் எல்லா அரசு அமைப்புகளுக்கும் கட்டாயம். ஏலம் முடிந்ததும் தோற்றவர்களின் விலையும் ஆவணங்களும்கூட எல்லோருக்கும் தெரியும். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். தோற்றவர் ஏன் தோற்றார் என்று எழுதிக்காட்டும் கட்டாயம் வந்ததும் எங்கள் மதிப்பீட்டுக் குறிப்புகள் தாமாகவே நீண்டன. பம்புக்கான அடுத்த அழைப்புக்கு ஐந்து பேர் வந்தார்கள்.

பிறகு எங்கள் தலைமை அதிகாரி மாற்றலாகிப் போனார். இரண்டு மாதம் குழு கூடவே இல்லை. அழைக்க யாருக்கும் அதிகாரம் இருப்பதாகத் தெரியவில்லை. எல்லாம் அவருடைய ஆர்வத்தின் மேல் நின்றிருந்தது. குழுவை அமைத்த ஆணையைத் திருத்தி, உறுப்பினர்களைப் பெயரால் அல்லாமல் பதவியால் குறிப்பிட்டு, கூடும் நாளையும் அதிலேயே எழுத வைத்தோம். புதிய அதிகாரி பொறுப்பேற்ற வாரத்தில் அந்த நாள் வந்தது. கடந்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, கிடங்குப் பொறுப்பாளர் வந்துவிட்டாரா என்று விசாரித்தார்.