மறுபடியும் கோலில் அதே ஆள்

2023 மார்ச் 26, ஞாயிறு
டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் கேலிக் கால்பந்து: டப்ளின்–லௌத் ஆட்டம், அயர்லாந்தின் இரண்டு கவுண்டிகள். லீக்கின் இரண்டாம் பிரிவு, யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஆட்டம் தொடங்கச் சற்று முன்னால் போனில் செய்தி வந்து குவிகிறது: டப்ளினின் மாற்று ஆட்டக்காரர்களில் பழைய கோல்கீப்பர் ஸ்டீபன் க்ளக்ஸ்டன்! வயது 41. கடைசியாக ஆடியது 2020 டிசம்பரில், கொரோனாவால் ஆளே இல்லாத மைதானத்தில் மேயோ கவுண்டியை வென்ற அகில அயர்லாந்து இறுதியாட்டம். அதற்குப் பிறகு ஓய்வு பெறுகிறேன் என்று ஒரு வரி சொன்னதில்லை, வராமல் இருந்துவிட்டார். இப்போது வந்ததற்கும் முன்னறிவிப்பு கிடையாது. இந்த ஊர்ப் பத்திரிகைகளுக்கு இது தாங்காது.

மார்ச் 27
வேலையில் கெர்ரி கவுண்டிக்காரர் ஒருவர் உண்டு. காலையிலேயே பிடித்துக்கொண்டார். “வேற கோல்கீப்பரே கிடைக்கலையா உங்க ஊருக்கு?” டப்ளினில் குடியிருக்கிறேன் என்பதற்காக அது என் ஊராகிவிட்டது. அவர் கேலியிலும் நியாயம் இருக்கிறது. 2020-க்குப் பிறகு டப்ளின் அகில அயர்லாந்து கோப்பை பக்கமே போகவில்லை. போன ஜூலையில் அரையிறுதியின் கடைசி நிமிடத்தில் கெர்ரியின் ஷான் ஓ’ஷே வெகுதூரத்திலிருந்து ஒரு ஃப்ரீ கிக் அடித்து, ஒரே புள்ளியில் வீட்டுக்கு அனுப்பினார்.

எனக்கு ஆச்சரியம் வேறு. கேலிக் கால்பந்தில் சம்பளம் கிடையாது. க்ளக்ஸ்டன் பள்ளி ஆசிரியர். கோப்பை வென்ற எட்டுப் பதக்கம் வீட்டில் இருக்கும்போது, வகுப்பு முடிந்து இரவுப் பயிற்சிக்கு ஓட 41 வயதில் யாருக்குத் தோன்றும்?

ஏப்ரல் 23
போர்ட்லீஷில் லீஷ் கவுண்டியைப் பந்தாடினார்கள். கோலில் க்ளக்ஸ்டன். சரி, பெஞ்சில் உட்கார வரவில்லை.

மே 14
லென்ஸ்டர் மாகாண இறுதி: டப்ளின் 5-21, லௌத் 0-15. முதல் எண் கோல், ஒவ்வொன்றுக்கும் மூன்று புள்ளி. இரண்டாவது, குறுக்குக் கம்பிக்கு மேலே போனவை, அவற்றுக்கு ஒன்று. ஆக 36-க்கு 15. இதில் போட்டி எங்கே இருக்கிறது? அதனால் கோலுக்குப் பின்னாலிருந்த இடத்தில் உட்கார்ந்து அந்த ஒரு ஆளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிரணி பந்தை வெளியே அடித்ததுமே அடுத்த பந்து அவர் கையில். கீழே வைக்கும்போதே தலை நிமிர்ந்துவிடுகிறது. வலது கோடியோரம் ஒருவர் நடுவை நோக்கி ஓடுவதுபோல் காட்டித் திரும்பி வெளியே ஓடுகிறார். அவர் திரும்புவதற்குள் இடது காலால் அடித்தாயிற்று. ஆள் இல்லாத இடத்துக்குப் பந்து போகிறது, ஆள் பிறகு வந்து சேர்கிறார். முன்பெல்லாம் கோல்கீப்பர் நடு மைதானத்துக்கு ஓங்கி உதைப்பார், இரு பக்கமும் எம்பிக் குதிப்பார்கள், கிடைத்தவருக்குக் கிடைத்தது. அந்தச் சூதாட்டத்தை ஒழித்துக் கட்டியதில் இவருக்குத்தான் பெரும் பங்கு. கோல்கீப்பர் பந்தை மறுபடி ஆட்டத்துக்குள் உதைக்கும் இந்த கிக்-அவுட், இவர் காலில் அணியின் முதல் தாக்குதல். டப்ளினின் வெற்றிகளுக்குப் பணத்தையும் மக்கள்தொகையையும் காரணம் சொல்கிறவர்கள் இதையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம்.

டப்ளினின் பழைய ஆட்டக்காரர்கள் பால் மேனியனும் ஜாக் மெக்காஃப்ரியும்கூட இந்த வருஷம் திரும்பியிருக்கிறார்கள். பேச்செல்லாம் க்ளக்ஸ்டனைப் பற்றித்தான்.

ஜூலை 2
காலிறுதியில் மேயோ காலி. 2-17, 0-11.

ஜூலை 15
அரையிறுதி. மொனகன் கடைசிக் கட்டம் வரை விடாமல் ஒட்டிக்கொண்டு வந்தது. 1-17, 0-13 என்ற கணக்கைப் பார்த்தால் அது தெரியாது. கெர்ரியும் தன் அரையிறுதியை வென்றால் இறுதியில் அவர்களோடுதான்! நாளை அலுவலகம் இல்லாதது நல்லது.

ஜூலை 30
தொண்டை கட்டிவிட்டது. டப்ளின் 1-15, கெர்ரி 1-13.

கெர்ரியின் பால் கீனி, க்ளக்ஸ்டனைத் தாண்டி கோல் போட்டபோது முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். டப்ளினின் பாடி ஸ்மால் பதிலுக்கு ஒன்று போட்டார். கெர்ரியின் டேவிட் கிளிஃபர்டு வழக்கமாக உள்ளே போடுகிற பந்துகள் இன்று வெளியே போயின. அந்த ஒவ்வொரு தவறுக்கும் பிறகு க்ளக்ஸ்டனிடம் ஒரு கிக்-அவுட். மூச்சு வாங்க கெர்ரிக்கு நேரம் தரவேயில்லை.

க்ளக்ஸ்டனுக்கு 2001-இல் முதல் ஆட்டம். முதல் கோப்பைக்குப் பத்து வருஷம் காத்திருந்தார். 2003-இல் அர்மாவுக்கு எதிராக வெளியேற்றப்பட்டு ஊரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. 2011 இறுதியில் இதே கெர்ரிக்கு எதிராக, கடைசி நொடிகளில் கோலை விட்டு முன்னே வந்து வெற்றிக்கான ஃப்ரீ கிக்கை அடித்தவர் இவர்தான். இன்று ஒன்பதாவது கோப்பை. அணித் தோழர்கள் ஜேம்ஸ் மெக்கார்த்திக்கும் மைக்கேல் ஃபிட்ஸ்சிமன்ஸுக்கும் ஒன்பது. ஆண்கள் கால்பந்தில் இதற்கு முன் யாருக்கும் ஒன்பது கிடையாது.

ஜூலை 31
கெர்ரிக்காரர் பேசவில்லை. தேநீர் வேளையில் தானாகவே ஆரம்பித்தார்: பாட் ஸ்பிலேன், பாடி ஓ ஷே, மைக்கி ஷீஹி, கெர் பவர், ஓகி மோரன். எட்டுப் பதக்கம் வாங்கிய கெர்ரியின் ஐவர். பெயர்களை விரல்விட்டுச் சொல்லி முடித்தார். அப்புறம் கேட்டார், “அடுத்த வருஷமும் அந்த மனுஷன் வருவானா?”

எனக்கென்ன தெரியும்? அவர் யாரிடம் சொல்லிவிட்டு வந்தார்!